தள்ளுவண்டிக்கு இரண்டு கை

டீ நன்றாகத்தான் இருக்கிறது, ஏட்டையா. சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். என் மகள் பார்வதத்தை என்னிடம் விட்டால் நான் பாட்டுக்குச் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவேன். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் குழந்தையைத் தருவேன் என்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஞானம்பாள். காணும் பொங்கலுக்கு வருடம் தவறாமல் மகாபலிபுரம் வருகிறவள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதில் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒருத்தி கரும்பைக் கடித்துக்கொண்டு முன்னால் போவாள்; பிள்ளை மூக்கு ஒழுகப் பின்னால் வரும். எமர்ஜென்சியில் ரயில்கூட நேரத்துக்கு வருகிறது. இவர்கள் மட்டும் திருந்தவில்லை. வாயைத் திறந்து சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதனால் நான் ஒருவரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்வதற்குப் பதிலாகத்தான் அதைச் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஐஸ் வண்டியருகே ஒரு பையன் நின்றான். அப்பன் பத்தடி தள்ளிக் குரங்காட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். 'வா கண்ணு' என்று விரலைப் பிடித்து, காணாமல் போன பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் இந்தப் பந்தலுக்கே அழைத்து வந்தேன். நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். அப்பன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். இனி ஜென்மத்துக்கும் அந்தப் பையன் கையை விடமாட்டான். அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகள். போன வருடம் மூன்று. "உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா எங்க வேல பாதி கொறையும்மா" என்று நீங்களே எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் வேலையைக் கூட்டியதே நான்தான் என்று சொல்ல அப்போது மனம் வரவில்லை. சோடா ஜில்லென்று இருந்தது.

இந்த வருடம், இப்போது என்மேல் புகார் சொல்கிற இந்த அமிர்தவல்லி. புருஷனுக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகமாம், கைக்குழந்தைக்குச் சீமைத் தள்ளுவண்டியாம். மனிதர் நடக்கவே வழியில்லாத இடத்தில் நாலு சக்கரம் எதற்கு? என் கால்மேல் ஏற்றிவிட்டு, "பாத்து நடங்க" என்றாள், என்னைப் பார்த்து. பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறையருகே, போகிற வழியை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, பாறையைத் தாங்குகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளப் போனாள். பிரேக் போட்டாளா என்று பார்த்தேன். போடவில்லை.

தள்ளுவண்டிக்கு இரண்டு கையும் வேண்டும், ஏட்டையா. அதுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் பார்வதத்தின் கையை விட்டேன். "இங்கயே நில்லு, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். வண்டிக் குழந்தை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டே வந்தது.

இந்தப் பந்தலில் உட்கார்ந்து, அமிர்தவல்லி அழுதுகொண்டு வரும் அழகைப் பார்க்கக் காத்திருந்தேன். "பச்சைப் பாவாடை, அஞ்சு வயசுப் பொண்ணு" என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் மறைத்ததால் குழந்தை தெரியவில்லை. "பெத்தவளுக்கு ரெண்டு அறை விடணும்" என்றேன் பக்கத்திலிருந்தவளிடம். அவளும் தலையாட்டினாள். கூட்டம் விலகியது. வளையல் விற்கும் சுல்தான் பீவி நின்றாள், கையில் என் பார்வதம்.

"கொய்ந்த பாறையாண்ட ஒண்டியா அய்துகினு நிக்கிது. ஆத்தாக்காரி எங்க தொலஞ்சாளோ" என்றாள். அமிர்தவல்லியும் அந்நேரம் பார்த்து வந்து விழுந்தாள். என் மகள் வண்டியைக் காட்டி, "எங்கம்மாதான் தள்ளிகினு வந்துச்சு. எப்பவும் அம்மாதான் புள்ளைங்கள இட்டாரும்" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று நான் வளர்த்த பிள்ளை.

ஆக மொத்தம் ஏழு குழந்தைகள். ஏழையும் நான்தான் கொண்டுவந்தேன். ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுல்தான் பீவி இன்னமும் பார்வதத்தின் கையை விடாமல் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். பெற்றவள் ஒரு நல்ல காரியமாக நாலடி அப்பால் போன நேரம் பார்த்து, அடுத்தவள் பிள்ளையைக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். இப்படிப்பட்ட பொம்பளைகளைச் சும்மா விட்டால் இந்த ஊரில் குழந்தைகளுக்கு என்ன பாதுகாப்பு?