நான்காவது குறிப்பு

டாக்டர், புதன்கிழமை பத்திரிகை வந்ததும் என் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அந்த வாரம் எந்தப் படத்துக்குப் போவது என்று உங்கள் வீட்டில் முடிவு செய்வீர்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். அக்கா மகள் சிட்டு உள்ளே ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். நாம் இருவரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். நான் நன்றி சொன்னேன். நாக்குக் கூசாமல் சொன்னேன்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை எழுதுகிறேன். 'போகலாமா?' என்று பெயர். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் கடைசியில் ஒரே ஒரு சொல் போடுவேன். 'தியேட்டர்' என்றால் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். 'வீடு' என்றால் அவசரமில்லை, வீட்டுக்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது சொல் 'வேண்டாம்'. என் பல் வைத்தியர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே "இந்த வாரம் எது சார்?" என்பார். பதில் சொல்ல முடியாமல் விரலைக் காட்டுவேன். ஒரு விரல் என்றால் தியேட்டர். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்புகிறவனைத் தவறான படத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கவனமானவன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொள்ள நான் இடம் தரக்கூடாது.

சிட்டுவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பதினான்கு வயதில் பள்ளி விழா மேடையில் விளக்குகள் விட்டுவிட்டு மின்னியபோது விழுந்தாள். வலிப்பு என்றீர்கள். மின்னும் வெளிச்சம்தான் காரணம் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். "சினிமாவே கூடாதுன்னு சொல்லமாட்டேன். அந்த மாதிரி காட்சி எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சா போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா பொத்திக்கணும். வெறுமனே ரெண்டு கண்ணையும் மூடினா பத்தாது, இமை வழியா வெளிச்சம் உள்ள போயிடும். அப்புறம், பின்வரிசையில உட்காரணும்" என்றீர்கள். அத்தான் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அக்காவுக்கு சினிமா என்றால் தலைவலி. அக்காவும் சிட்டுவும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து, பத்திரிகைக்காரர்களுக்குப் போடும் வியாழக்கிழமை முன்காட்சிக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். நிமிடக் கணக்கு மட்டும் போதாது. இருட்டில் அவள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அடையாளமும் எழுதுவேன். 'கதாநாயகி சிவப்புக் கோட்டைக் கழற்றியதும் பொத்து. கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எடு.' இப்படி. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுப்பேன். அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டு போவாள். போனில் முதலில் "மாமா, எது?" என்பாள். அடுத்து "எத்தனை?" என்பாள். "தியேட்டர், ரெண்டு" என்பேன். பதினோரு வருடத்தில் முந்நூறு படத்துக்கு மேல் இருக்கும். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

சலவைக்கடை நடத்தும் இரண்டு சகோதரிகளைப் பற்றி ஒரு படம் வந்தது. நான் 'வீடு' என்று எழுதியிருந்தேன். படத்தில் பேச்சே அதிகம் இல்லை, மடிக்கும் துணியைத்தான் பாதி நேரம் காட்டினார்கள். சிட்டு என்னிடம் சொல்லாமல் வாசகர் கடிதம் போட்டாள். "வீட்டில் பார்த்தால் இந்த மௌனத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். தியேட்டரில் இது முந்நூறு பேர் சேர்ந்து இருக்கும் மௌனம். எழுந்து போகக் கால் வராது." இதுதான் அந்தக் கடிதம். மூன்றே வரி.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை. பெருமையாக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகவே பெருமையாக இருந்தது. தனியாக இருக்கும்போதுதான் இல்லை.

எங்கள் ஆசிரியர் அம்மா அவளைக் கூப்பிட்டு என் பக்கத்துக்கு எதிரிலேயே எழுதச் சொன்னார். மாமா ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். வாசகர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஏழாவது மாதம் ஆசிரியர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவ எழுதறதப் படிச்சா படத்துக்குப் போகணும்னு தோணுது. நீங்க எழுதறதப் படிச்சா போகாம இருந்தது நல்லதுன்னு தோணுது."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

"அடுத்த மாசத்துலேருந்து பக்கத்த அவகிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க தோணும்போது ஏதாவது எழுதுங்க. இத நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன். உங்க வாயால கேட்டா சந்தோஷப்படுவா."

சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கு இது தெரியவே தெரியாது.

அந்த வார வியாழக்கிழமை வந்ததுதான் அந்தக் கப்பல் படம். மூழ்கும் கப்பலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு எஞ்சின் தொழிலாளியின் கதை. நல்ல படம். என் நோட்டில் நான்கு குறிப்புகள் எழுதியிருந்தேன். முதல் மூன்றும் சின்னவை, சில வினாடிகள். நான்காவது, படம் முடிவதற்குச் சற்று முன்னால். கப்பலில் அபாய விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். சிவப்பும் வெள்ளையுமாக, விட்டுவிட்டு, நான்கு நிமிடம்.

அன்று சாயங்காலம் சிட்டுவுக்குக் கொடுத்த தாளில் மூன்றுதான் இருந்தன.

விட்டுப்போயிற்று என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைப்பு என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது என்றேன். களைப்பாக இல்லை. போனும் வரவில்லை. மூன்றாவதை எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை. உங்களுக்கு உதவும் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலைக் காட்சிக்குத் தனியாகத்தான் போனாள். எழுதுவதற்காகப் பார்க்கும் படத்துக்குத் துணைக்கு ஆள் வந்தால் அவளுக்குப் பிடிக்காது. பத்து மணிக் காட்சி. விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த இடம் பன்னிரண்டு இருபதுக்கு வரும். பன்னிரண்டு மணிக்கே நான் குளித்து, சட்டை போட்டு, செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, தியேட்டர்லேருந்து பேசினாங்கடா" என்று ஆரம்பித்தாள். "இதோ கிளம்பிட்டேன்" என்றேன். எங்கே, எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாவம், அவளும் அதைக் கவனிக்கவில்லை.

மருத்துவமனையில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கும். "படத்துல மின்னுற காட்சி ஏதாவது இருந்துச்சா?"

அக்காதான் முந்திக்கொண்டாள். "இருந்தா தம்பி எழுதிக் குடுத்திருப்பான் டாக்டர். அவன் பாத்துச் சொன்னா சொன்னதுதான்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "மூணு இடம்தான். எல்லாம் முதல் பாதியில" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டீர்கள்.

அவளுக்கு நினைவு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. தோள்பட்டை இறங்கியிருந்தது. "மாமா, சிவப்பும் வெள்ளையுமா விட்டுவிட்டு வெளிச்சம் வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். நீங்கள்தான் பொறுமையாக விளக்கினீர்கள். வெளியே மின்னாதபோதும் மூளைக்குள்ளேயே அப்படித் தோன்றக்கூடும், இனிமேல் வெளிக்காரணம் இல்லாமலே வலிப்பு வரலாம், அதனால் மருந்தை மாற்ற வேண்டும் என்றீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. கொடுத்த தகவலுக்குச் சரியான வைத்தியம் செய்தீர்கள். அவள் உங்களை நம்பினாள். தன் கண்ணால் பார்த்த வெளிச்சத்தை இல்லை என்று ஒப்புக்கொண்டாள். "உங்க லிஸ்ட் தப்பா இருக்காது மாமா. எனக்குத்தான் கூடிடுச்சு போல" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

அந்த மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தை எழுதினேன். கப்பல் படத்துக்கு 'வேண்டாம்' என்று போட்டேன். நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டு வந்து, கடைசியில் கண் கூசிற்று என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடக் கூடாது அல்லவா. படம் ஒன்பது நாள் ஓடியது. அடுத்த முறை உங்களைப் பார்க்க வந்தபோது, "டிக்கெட் எடுக்கறதா இருந்தேன் சார், நீங்க வேணாம்னுட்டீங்களேன்னு விட்டுட்டேன்" என்றீர்கள். நீங்கள் போயிருந்தால் அன்று ராத்திரியே சிட்டுவின் புது மருந்து நின்றிருக்கும்.

பதினோரு மாதம் ஆகிறது. மருந்து இரண்டானது. அளவு மூன்று முறை கூடியது. ஒவ்வொரு முறையும் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தவன் நான்தான். முதலில் தூக்கம் கூடியது. அப்புறம் எழுத்து நின்றது. ஆசிரியர் ஆறு வாரம் காத்திருந்தார். பிறகு எதிர்ப் பக்கத்தில் விளம்பரம் வந்தது. என் பக்கம் என்னிடமே இருந்தது. ஆசிரியர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சிட்டு ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ எழுதிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். ஒன்றரை வரி எழுதியிருந்தாள்.

"மாமா, அதுக்கு என்ன பேரு? பெருசா வெள்ளையா இருக்குமே. அதுமேலதான படம் விழும்."

"திரை" என்றேன்.

"ஆமா. திரை." எழுதிக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்து, "கேட்டது எதுக்குன்னு மறந்துடுச்சு" என்று சிரித்தாள். அக்கா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொள்கிறேன். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை நீங்கள் மூன்றாவது மருந்து ஒன்று சேர்க்கப்போவதாக அக்கா சொன்னாள். அதைச் சேர்க்காதீர்கள். அவளுக்கு எதுவும் கூடவில்லை. அவள் பார்த்த வெளிச்சம் திரையில் இருந்தது. பழைய மருந்தே போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் மறைத்தால் இதை எழுதியும் பயனில்லை. தாளில் ஒரு வரி எழுதாமல் விட்டதோடு நான் நிற்கவில்லை. தாள் கையில் இருந்தும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வழக்கம்போல் போன் செய்தாள்.

"மாமா, எது?"

"தியேட்டர்."

"எத்தனை?"

"மூணு. எல்லாம் முதல் பாதியிலேயே முடிஞ்சிடும். அப்புறம் பயமே இல்ல. இடைவேளைக்கு அப்புறம் பின்னாடி உட்காராத. முன்வரிசைக்குப் போயிடு. கடைசி அரைமணி நேரம் ரெண்டு கண்ணையும் எடுக்காம பாரு. அப்பதான் அந்தப் படம் புரியும்."

"முன்வரிசையா? நிஜமாவா மாமா?" என்றாள். பதினோரு வருடத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. குரலில் அத்தனை சந்தோஷம்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைக்கவில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் விழுந்தால் தலை எதில் படும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தியேட்டரில் முன்வரிசைக்கு எதிரே இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது.

மருந்தைக் குறைப்பதற்கு நீங்களே ஒரு காரணம் சொல்லிவிடுங்கள். சோதனையில் தேறிவிட்டது என்று சொன்னால் இருவரும் நம்புவார்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் அக்காவிடமோ சிட்டுவிடமோ சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை, டாக்டர். அவளுக்கு உடம்பு தேறியதும் மறுபடியும் படம் பார்க்க ஆசை வரும். அப்போது முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுக்க, அவள் நம்பக்கூடிய ஆள் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?