பென்சிலில் எழுதிய செவ்வாய்க்கிழமை

நான் எதையும் பென்சிலில்தான் எழுதுவேன். பேனா பிடிக்காது என்றில்லை, தன்னார்வலர்களை வைத்து வேலை நடத்துகிறவளுக்குப் பேனா ஒத்துவராது. ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவருக்குப் பேத்தியின் பிறந்தநாள். இன்னொருவர் காலையில் போன் செய்து, "இன்னைக்கு மனசே சரியில்லை" என்பார். சம்பளம் இல்லாமல் வருகிறவரை அதட்டவா முடியும்? அழித்து எழுத வேண்டியதுதான். இந்த நூலகத்தின் டியூட்டி சார்ட்டில் பதினான்கு வருடமாக என் பென்சில் எழுத்து இருக்கிறது. நீ கேட்டதற்கு அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார். உன் அப்பாவின் குறிப்பேடு மேசைமேலேயே இருக்கட்டும்.

இங்கே வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது எங்கள் வேலை. வாசலில் விசாரணை மேசை, பைகளை வாங்கி டோக்கன் கொடுப்பது, எந்தப் புத்தகம் எந்த மாடியில் என்று காட்டுவது, எழுதத் தெரியாதவர்களுக்கு உறுப்பினர் படிவத்தை நிரப்பித் தருவது. நான் ஒருத்தியாகத் தொடங்கியது, இருபத்திரண்டு பேராக வளர்ந்தது. எனக்குக் கல்யாணம், குழந்தை என்று ஒன்றும் அமையவில்லை. இதைத்தான் வளர்த்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் உன் அப்பா வந்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில், "கூட்டத்தைச் சமாளிப்பேன்" என்று எழுதியிருந்தார். முதல் நாளே வாசலில் நெரிசல். எழுந்து நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு" என்றார். மூடும் நேரத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறி, "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்கலாம், புத்தகத்தை வெச்சிட்டு இறங்குங்க" என்று அறிவித்தார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த எங்கள் நூலகரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எல்லாருக்கும் கண்டக்டர்தான். எனக்கு மட்டும் அண்ணா. அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஒருநாள் மழையில் அவருக்குக் குடை கொண்டுவந்த நீ, யாரும் சொல்லிக்கொடுக்காமலே என்னை அத்தை என்றாய். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உன் அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். ஆறு வருடம் மறதி நோயோடு அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியாததல்ல. "கடைசியில கட்டின புருஷன்கிட்டயே டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டா தங்கச்சி" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு சொன்னார்: "எனக்கும் அது வந்தா, பொண்ணு இன்னொரு தடவை தாங்க மாட்டா. நீங்க கூடவே இருந்து பாக்கறவங்க. ஆரம்பிச்சா என்கிட்ட மறைக்காம சொல்லிடணும்." சொல்கிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன். அன்று நான் மனமாரத்தான் கொடுத்தேன்.

எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது நினைவிருக்கிறதா? மூன்று வாரம் விடுப்பு. சார்ட்டை உன் அப்பாதான் பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்த அன்று நூலகர், "நீங்க இல்லாத குறையே தெரியல மேடம்" என்றார். நான் கவலைப்படாமல் ஓய்வெடுத்திருக்கலாம் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் சிரித்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது வாசலில் இருக்கும் கருத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கண்டக்டர். பதினான்கு வருடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது, மின்விசிறி ஓடவில்லை என்று மேடத்திடம் சொல்லியும் பயனில்லை என்று.

ஆனால் முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதை நீ நம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டு, பிறகு வேறொருவருக்காக அழித்து அவரைப் புதனில் எழுதினேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். செவ்வாயன்று வந்து நிற்கிறார், அவர் நாற்காலியில் இன்னொருவர். என் தப்பு அண்ணா என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பின்னால் நூலகர் நின்றிருந்தார். என் வாயில் வந்தது, "புதன்னுதானே சொன்னேன், மறந்துட்டீங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு பயத்தை நான் பெரியவர் ஒருவர் முகத்தில் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் வெகுநேரம் சங்கடப்பட்டேன். மறுநாள் அவர் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஏதாவது கேட்டவர்கள் அவரை விட்டு என்னிடம் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை தவறி நடந்தவை அல்ல. அவர் கண்ணாடிக்கூட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, திரும்பி வந்த புத்தகங்கள் இருக்கும் தள்ளுவண்டியில் வைத்தேன். வருகைப் பதிவில் அவர் போட்ட பென்சில் கையெழுத்தை அழித்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கும் கையெழுத்துப் போடலையே" என்றேன். முதல் மாடிக்குப் போக வேண்டிய முதியவரை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டதாகப் புகார் வந்தது என்றேன். அப்படி யாரும் புகார் செய்யவில்லை. பைகளின் டோக்கன்களை மாற்றி மாட்டினேன், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய ஒரு பெண் சான்றிதழ்ப் பையைக் காணாமல் ஒரு மணி நேரம் அழுதாள். உன் அப்பா அவளைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் கோபிக்கவே இல்லை. "யானைக்கும் அடி சறுக்கும் அண்ணா, விடுங்க" என்றுதான் சொன்னேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எட்டு மாதம், பதினோரு தடவை. பன்னிரண்டாவது தேவைப்படவில்லை.

அவர் கடைசி ஸ்டாப் சொல்வதை நிறுத்திவிட்டார். முதல் தடவை நடந்த உடனேயே இந்தக் குறிப்பேட்டை வாங்கி எல்லாவற்றையும் எழுதத் தொடங்கியிருந்தார். முதல் பக்கத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். "செவ்வாய் என்று கேட்டதாக ஞாபகம். தங்கச்சி புதன் என்கிறார். என் தவறு." பதினோரு இடத்திலும் என் தவறு, என் தவறு என்று எழுதியிருக்கிறார். ஒரு இடத்தில்கூட என்னைச் சந்தேகப்படவில்லையே.

பிறகு ஒரு நாள் மதியம் என் எதிரே, நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில், வந்து உட்கார்ந்தார். "கையடிச்சுக் கொடுத்தீங்க தங்கச்சி. ஆரம்பிச்சிருச்சா?" என்றார்.

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "ஆமா அண்ணா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அடையாள அட்டையைக் கழற்றி, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

மருத்துவர் சோதித்துவிட்டு வயசுக்கு ஏற்ற மறதிதான் என்றாராம். நீயும் எவ்வளவோ சொன்னாய். "டாக்டர் அரை மணி நேரம் பாத்தாரு, தங்கச்சி வருஷக்கணக்கா பாக்கறாங்க" என்று சொல்லி, உனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று தானாகவே அந்த முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். நீ கேட்கிறாய், வீட்டில் ஒரு நாளும் அடுப்பை அணைக்க மறக்காதவர், எல்லாத் தப்பையும் நூலகத்தில் மட்டும் ஏன் செய்தார் என்று. பதில் இதுதான். வேலியே பயிரை மேய்ந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது வெறும் பேச்சில்லை, அவர் போன நாளிலிருந்து எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாக இறங்கவில்லை.

திங்களன்று நீ போன் செய்து, குறிப்பேடு கிடைத்தது, வியாழன் வருகிறேன் என்றாய். மறுநாளே நான் இல்லத்துக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன் அவருக்குச் சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நிறைய மெலிந்துவிட்டார். "வாங்க தங்கச்சி" என்று எழுந்தார். கையில் புதுக் குறிப்பேடு, மேலே கிழமை எழுதியிருந்தது.

"இன்னைக்குச் செவ்வாய்தானே? யார்கிட்டயும் கேக்கல, நானாவே கண்டுபிடிச்சேன். நேத்து துவைச்ச துணி வந்துச்சு, துணி வந்தா திங்கள். நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னா, எனக்குத் தேவலைன்னு பொண்ணுக்குப் போன் போட்டு, கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்னு இருக்கேன்."

செவ்வாய்தான். வீட்டுக்கு வந்தால் அடுத்த வாரமே இந்த வாசலில் வந்து நிற்பார் என்று ஒரு கணம் தோன்றியது.

"புதன் அண்ணா" என்றேன்.

அவர் குறிப்பேட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு செவ்வாயை அடித்துவிட்டு, பக்கத்தில் புதன் என்று எழுதினார். பேனாவில் எழுதினார். "நல்லவேளை, உங்களைக் கேட்டேன்" என்றார்.

ஆகவே கணக்கு பதினொன்று இல்லை, பன்னிரண்டு. உன்னிடம் எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கடைசியாகச் சொன்னதை மற்றவற்றோடு சேர்க்காதே அம்மா, பகல் முழுக்க நீ வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் தனியாகக் கஷ்டப்படுவாரே என்ற அக்கறையில் சொன்னது அது.