ரோஸ்விதா வந்த கோடைகள்

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். எல்லாம் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. நிதானமாக இறக்கலாம், நான் எங்கும் போகப்போவதில்லை. எங்கள் குர்ஸெமெ காட்டில் பழைய போர்ச் சாமான்களைத் தோண்டுகிறவர்கள் எல்லோரும் வியாபாரிகள் என்று உங்கள் போலீஸ் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் ஒன்றைக்கூட விற்றதில்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கே செத்த ஜெர்மன் சிப்பாய்களின் பெல்ட் பக்கிள்களைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். தலைக்கவசம், கத்தியெல்லாம் மற்றவர்களுக்கு.

பல வருடங்களுக்கு முன் ஒரு வசந்தத்தில் பிர்ச் மரத் தோப்புக்குள் ஒரு பதுங்கு குழியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஆள் கிடந்தான். அவன் இடுப்பில் இருந்தது அலுமினிய பக்கிள். நடுவில் கழுகு, மேலே 'கடவுள் நம்மோடு' என்ற எழுத்து, எதுவும் மங்கவில்லை. பின்பக்கத்துத் தோலைக்கூடக் களிமண் அழுகவிடவில்லை. அப்படி இன்னொன்று என்னிடம் கிடையாது. பின்னால் ஊசியால் பெயரைக் கீறியிருந்தான்: எவால்ட் தீசன். கழுத்தருகே அடையாளத் தகடும் கிடந்தது. தகடுகளை நான் சேர்ப்பதில்லை, குளத்தில் வீசினேன். எலும்புகளை வழக்கம்போல மண் தள்ளி மூடினேன்.

அதே வருடம் ஜூலையில் ரோஸ்விதா வந்தாள். ஜெர்மனியில் ப்ரேமன் நகரத்துப் பள்ளி ஆசிரியை. எங்கள் மாடியறையை வாடகைக்கு எடுத்தாள். முதல்நாள் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எங்கப்பா இந்தப் பக்கம்தான் எங்கயோ கிடக்கார். எவால்ட் தீசன்னு பேரு. நான் கைக்குழந்தை, அவர் போகும்போது. அம்மா கல்லறைக்குப் பக்கத்துலயே அவருக்கு இடம் விட்டு வச்சிருக்கோம். கல்லுல பேரு வெட்டியாச்சு. ஆள்தான் வரணும்."

உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். "தேடிப் பார்ப்போம்" என்றேன்.

சொன்னால் பக்கிளைக் கேட்பாள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது, நான் அப்படிப்பட்ட முரடன் இல்லை. அதனால் சொல்லவில்லை. இதற்கு மேல் பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

மறுநாள் அலமாரியைப் பார்க்க ஆசைப்பட்டாள். அத்தனை பக்கிள்கள் இருக்க, அதைத்தான் எடுத்தாள்.

"இது மட்டும் புதுசு கணக்கா இருக்கே. யாரு பெத்த பிள்ளையோ, பாவம்." கட்டைவிரலால் கழுகைத் தடவினாள். பெயர் அவள் உள்ளங்கைப் பக்கம் இருந்தது.

"திருப்பிடாதீங்க, தோல் உதிர்ந்துடும்" என்றேன். பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையும் வந்தாள். நானே கூட்டிப்போனேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒன்றும் கிடைக்காத இடமாகப் பார்த்துத் தோண்டினேன். அவள் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பாள். "நீங்க இல்லன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன், குன்வால்திஸ்" என்பாள். அது உண்மைதான்.

என் மனைவி சர்மீதே ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது பெயரைப் பார்த்துவிட்டாள். மாவு பிசைந்த கையோடு கேட்டாள்.

"இது அவ அப்பன்தானே?"

"ஆமா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அவ வந்த அன்னிக்கே."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே? தடி ஊனிக்கிட்டு வர்றா அந்தப் பொம்பள. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"இந்தக் கோடை வேணாம். அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அடுத்த தடவையும் அதையே சொன்னேன். சர்மீதே தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களை அனுப்பியது அவளாகத்தான் இருக்கும். எனக்கு வருத்தமில்லை.

பிறகு ஒரு கோடையில், செத்த சிப்பாய்களை எடுத்து மறுபடி அடக்கம் செய்கிற குழு ஒன்று பிர்ச் தோப்புக்கு அனுமதி வாங்கியது. அவர்கள் வருவதற்கு முன்பே நான் போய் எலும்புகளை உருளைக்கிழங்குச் சாக்கில் அள்ளினேன். நினைத்ததைவிடக் கனம் குறைவு. சதுப்பு நிலத்தில் கொட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினேன். ரோஸ்விதா தோட்டத்தில் சிவப்புத் திராட்சை பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அள்ளி நீட்டினாள்.

"கை கழுவல" என்றேன்.

"காட்டு மண்ணுதானே, என்ன பண்ணிடும்" என்று என் உள்ளங்கையில் கொட்டினாள். தின்றேன். நன்றாகப் பழுத்திருந்தன.

போன கோடையில் ரோஸ்விதாவை அவள் மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். "ஒரு விரல் எலும்பு கிடைச்சாக்கூடப் போதும், அம்மாகிட்டக் கொண்டு வச்சிருவேன்" என்றாள். அடுத்த கோடையில் பார்க்கலாம் என்றேன். குளிர்காலத்தில் இறந்துபோனாள். மகன் தொலைபேசியில் சொன்னபோது அழுதேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எழுதிக்கொள்ளுங்கள். கண்டெடுத்தது நான். மறைத்தது நான். சதுப்பில் கொட்டியதும் நான்தான். அந்த மகன் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: ரோஸ்விதா ஒரு கோடையில்கூட என் வீட்டிலிருந்து நம்பிக்கை இல்லாமல் திரும்பிப் போனதில்லை.