ஜாபிரின் இரண்டாவது வண்டி

திருவாரூர் மாவட்டம், கூத்தாநல்லூர், பள்ளிவாசல் மேலத் தெருவில் குடியிருக்கும், காலஞ்சென்ற ஜாபிர் என்பவரின் மனைவி, முப்பத்தொன்பது வயதுள்ள தஹ்மீனா ஆகிய நான், என் கணவரின் மரணம் குறித்து உதவி ஆய்வாளர் கலைமகள் அவர்கள் விசாரிக்க, என் வீட்டில் இருந்தபடி கொடுக்கும் வாக்குமூலம்.

கணவர் இறந்த பின் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருப்பதால் நிலையத்துக்கு வர இயலாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அதன்பேரில் உதவி ஆய்வாளரே பெண் காவலர் ஒருவருடன் வந்திருக்கிறார். என் மாமியார் மெஹராஜ் பேகம் என் பக்கத்தில் கட்டிலில் இருக்கிறார். புகார் கொடுத்தவரான என் கணவரின் தம்பி அன்சார் வெளியே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் அறைக்குள் இருந்து பேசுகிறேன். கதவு திறந்திருக்கிறது.

நான் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவர் பல வருடம் ஷார்ஜாவில் கார் பட்டறையில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, மன்னார்குடி சாலையில் நெல் அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

என் கணவரிடம் முதலில் இருந்தது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்புப் பந்தயக் கார். பெங்களூரில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கி வந்து, எடை குறைய வேண்டும் என்பதற்காக அதில் இருந்த தரைவிரிப்பு, பாட்டுப் பெட்டி, ஏசி, கதவுக்குள் இருந்த பஞ்சு எல்லாவற்றையும் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, கடினமான ஸ்பிரிங் மாட்டியிருந்தார். அதில் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ரோட்டில் காயப் போட்டிருக்கும் நெல்லின் மேல் டயர் ஏறினால் ஒவ்வொரு மணியும் முதுகில் தெரியும் என்று பெருமையாகச் சொல்வார். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவ்வப்போது அதை எடுத்துப் போவார். ஒவ்வொரு தடவையும் அன்சார் கூடப் போவார். டயர் மாற்றுவதும் நேரம் பார்ப்பதும் அன்சாரின் வேலை, கடைசியில் அவரையும் ஓட்ட விடுவார். திரும்பி வந்த பிறகு அண்ணனும் தம்பியும் கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டே ஏதாவது ஒரு வளைவைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அந்த வண்டியில் அதிகம் போனதில்லை. ஆனால் அதன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. உதவி ஆய்வாளர் இதைக் குறிப்பாகக் கேட்டதால் சொல்கிறேன்.

அதன் பிறகு என் கணவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். குணமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பின்பு முதுகுவலி வந்து தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்ததில் நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டதாக டாக்டர் சொன்னார். அப்போது நானும் அவரும் மட்டுமே அறையில் இருந்தோம். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற அளவோடு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று என் கணவர் சொன்னார். நான் சரி என்றேன். அதன் பிறகு கீழே கேன்டீனில் டீ குடித்துவிட்டு ஊருக்கு வந்தோம். மாமியாரிடமும் அன்சாரிடமும், ஆபரேஷன் செய்த இடம் இழுத்துப் பிடிப்பதால் முதுகு வலிக்கிறது என்று அவரே சொன்னார்.

பக்ரீத் கழிந்து ஒரு மாலையில் அன்சார் வந்து, "அண்ணே, வண்டி சும்மாவே நிக்கிது, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் வாங்க" என்று கூப்பிட்டார். என் கணவர் யோசிக்காமல் கிளம்பினார். அன்சார் ஓட்டினார். திருவாரூர் சாலையில் போய்விட்டுத் திரும்பி வந்ததும் அன்சார் தன் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். என் கணவர் வண்டியிலேயே இருந்தார். ஏதோ பார்க்கிறார் என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன். அதன் பிறகும் வராததால் போய்ப் பார்த்தபோது, அவரால் காலைத் தூக்கி வெளியே வைக்க முடியவில்லை. கூண்டுக் குழாய்க்கும் சீட்டுக்கும் இடையில் கை கொடுத்து நான் இழுக்க வேண்டியிருந்தது. சத்தம் வராமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டார். மாமியார் அப்போது மக்ரிப் தொழுதுகொண்டிருந்ததால் அவருக்குத் தெரியாது. திண்டில் சாய்த்துப் படுக்க வைத்த பிறகு என்னிடம், "அவன்கிட்ட சொல்லிடாதே. சொன்னா இனிமே ஸ்டியரிங்கயே தொட மாட்டான்" என்றார்.

இந்த இடத்தில் கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உதவி ஆய்வாளர் மேலே சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு வண்டியை மாற்றிவிடலாம் என்று என் கணவர்தான் சொன்னார். அதிராத வண்டியாக, படுத்துக்கொண்டு போகிற மாதிரி சீட்டு உள்ளதாக, மேலே திறந்திருப்பதாக வேண்டும் என்றார். ஸ்கேன் அறையில் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்ற இயந்திர வட்டத்தைப் பார்த்த பிறகு மேலே மூடியிருந்தால் பிடிக்கவில்லை என்றார். தஞ்சாவூரில் கண் டாக்டராக இருக்கும் வளவன் என்பவரிடம் அப்படி ஒரு கார் இருப்பது அவருக்குத் தெரிந்தது. டாக்டருக்கு இந்தச் சிவப்பு வண்டி மேல் வெகுநாளாக ஆசை. இரண்டு பேரும் போனில் பேசி வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

டாக்டர் வளவன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது கருநீல நிறம், துணிக் கூரை, பொத்தானை அழுத்தினால் கூரை பின்பக்கம் மடிந்துகொள்ளும். உள்ளே தோல் சீட்டு, என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. என் கணவர் அதில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் முதலில் சீட்டைச் சாய்க்கும் பொத்தானைக் காட்டினார். சிவப்பு வண்டியை மழையில் ஓட்ட வேண்டாம், டயர் சூடேறுவதற்கு முன் வளைவில் மிதிக்க வேண்டாம் என்று என் கணவர் சொல்லிக்கொடுத்தார். "வருத்தமா இல்லையா சார்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "முதுகுக்கு இல்லீங்க" என்று சிரித்தார். டாக்டர் சிவப்பு வண்டியை ஓட்டிப் போன பிறகு, சத்தம் பாலம் தாண்டும்வரை வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்து சாப்பாடு கேட்டார்.

மறுநாள் அன்சார் வந்து கேட்டபோது என் கணவர், "உன் மச்சிக்கு அந்த வண்டி ஆகலடா" என்று சொன்னார். அன்சாருக்கு நான் அண்ணி முறை, மச்சி என்றுதான் கூப்பிடுவார். இப்படிச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று என் கணவர் முந்தின நாளே என்னிடம் கேட்டிருந்தார். அன்சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் உயிரோடு இருந்தவரை அவர் புது வண்டியில் ஒருமுறையும் ஏறவில்லை.

அந்த வண்டியை நான்தான் ஓட்டினேன். பள்ளி விட்டு வந்ததும் பெரும்பாலும் வெண்ணாற்றங்கரையோரம் நீடாமங்கலம் பக்கம் போவோம். அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு மேலே பார்த்தபடி வருவார். மாமியார் ஒருமுறை பின்சீட்டில் வந்தார். தலையில் போட்டிருந்த துப்பட்டி பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மன்னார்குடி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் தூறல் விழுந்தபோது நான் கூரையை மூடப் போக, கொஞ்சம் நனையலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சம்பவத்தன்று ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் போய்க் கடல் பார்க்கலாம் என்று அவர் கேட்டார். புற்றுநோய் டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். எப்போதும் கொடுக்கும் அளவுதான். வெளியே அழைத்துப் போகக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. திருவாரூர் தாண்டிய பிறகு ஒரு வயலில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு கத்துது, இன்னிக்கு அறுந்துடும்" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அது கடைசி என்று அப்போது தெரியாததால் நான் பதில் சொல்லவில்லை.

கீழ்வேளூருக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மூடவா என்று கேட்டேன். பதில் வரவில்லை. நனைய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அப்படியே ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டில் காயப் போட்டிருந்த நெல்லை ஆட்கள் அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்ததால் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நெல் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண், "ஐயா நனையிறாரேம்மா, மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார். வந்து குனிந்து பார்த்துவிட்டு, "கண்ணுல மழ விழுது, சிமிட்டலயே" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்தப் பெண் தன் கையாலேயே கண்களை மூடிவிட்டார். அவர் கையில் ஒட்டியிருந்த நெல்மணிகள் என் கணவரின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. அவற்றை நான் எடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் செவ்வந்தி என்றும், அவரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றும் இப்போது உதவி ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு பொத்தானை அழுத்திக் கூரையை மூடினேன். கூட வரட்டுமா என்று செவ்வந்தி கேட்டார். நெல் நனைகிறது, பாருங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு வண்டியைத் திருப்பி ஊருக்கு ஓட்டினேன். வேகத்தடை வந்த இடங்களில் எப்போதும் போலவே மெதுவாக ஏற்றி இறக்கினேன். வழியில் திருவாரூரில் ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஏன் யாருக்கும் போன் செய்யவில்லை என்பதற்கும் இதே பதில்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மாமியாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். பிறகு அன்சார் வந்தார். உயிர் இருக்கலாம் என்று சொல்லி அதே வண்டியில் அவரே அரசு மருத்துவமனைக்கு ஓட்டிப் போனார். அங்கே, வருவதற்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். அன்சார் போலீசார் முன்னிலையில், "நல்லா தேறிக்கிட்டு இருந்தாரு. மொதல்ல வண்டியப் பிடுங்கினாங்க, இப்ப..." என்று சொல்லி முடிக்காமல் நிறுத்திவிட்டு, சந்தேகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதனால் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. மையத்தைக் கீற வேண்டாம், உடலை அப்படியே அடக்கிவிடலாம் என்று மாமியார் அன்சாரின் கையைப் பிடித்துக் கேட்டார். அன்சார் சம்மதிக்கவில்லை. மறுநாள் அடக்கம் செய்தார்கள். மையம் வைத்த சந்தூக்கை முன்னால் தூக்கிப் போனவர் அன்சார்தான். அன்றிலிருந்து எனக்கும் மாமியாருக்கும் சாப்பாடு அன்சார் வீட்டிலிருந்துதான் வருகிறது. அவர் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். புகாரும் இருந்தது, சாப்பாடும் வந்தது.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயை உறைந்த ரத்தம் அடைத்ததால் மரணம் நேர்ந்தது என்றும், நோய் முதுகெலும்பு முழுவதும் பரவியிருந்தது என்றும், மாத்திரை அதிகமாகக் கொடுக்கப்படவில்லை என்றும் அறிக்கை வந்திருப்பதாக உதவி ஆய்வாளர் இப்போது வாசித்துக் காட்டினார். முதுகெலும்பு என்ற வார்த்தை வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்தார், இன்னும் விடவில்லை.

நோய் பரவியதை ஏன் மருத்துவமனையிலேயே அன்சாரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என் கணவர் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். உயிரோடு இருக்கும்வரை மட்டும் என்று சொன்னாரா, அதற்குப் பிறகும் சேர்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று போலீஸ் கேட்டதால் சொன்னேன். அன்சார் மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது.

இதுவரை எழுதியதை உதவி ஆய்வாளர் சத்தமாக வாசித்து முடித்ததும், அன்சார் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "மச்சி, அன்னிக்கு நான் போட்ட வேகத்துல அண்ணனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டார். உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று உதவி ஆய்வாளர் முதலிலேயே சொல்லியிருந்ததால், வலித்தது என்று சொன்னேன். அன்று திண்டில் படுத்த பிறகு, வலி கொஞ்சம் அடங்கியதும், "பாலத்துக்கிட்ட அந்த வளைவ என்னைவிட அவன் நல்லா எடுத்தான் தெரியுமா" என்று என் கணவர் சொன்னதையும் சொன்னேன். இதையும் எழுத வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன், "எழுதிக்குங்க மேடம்" என்று அன்சார் சொன்னார்.

நான் சொன்னதையே எழுதியிருக்கிறார்கள், கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. என் காதால் கேட்டு, நடந்தது இதுவே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஜா. தஹ்மீனா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
கலைமகள், காவல் உதவி ஆய்வாளர்