இரண்டாம் முறை கேட்காத குற்றம்

பனிக்காற்றையும் பொருட்படுத்தாமல் வந்து, அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் ஸ்கார்வேய் தீவின் மருத்துவர் ஆஸ்மண்ட் அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் கரையேறிய பெரியவர்களே! கணவன்மார் கடலில் கிடந்த காலமெல்லாம் வீட்டையும் ஊரையும் தாங்கி நின்ற தாய்மார்களே! முதியோர் விழாமல் காக்கும் பயிற்சியை முடித்து, சான்றிதழ் வாங்கப் புத்தாடையோடு வந்திருக்கும் இருபத்திரண்டு செவிலியரே, வீட்டுப் பராமரிப்பாளரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். அழைப்பிதழில் வாழ்த்துரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். வழுக்கும் விரிப்பை அகற்று என்றேன், வாசலில் விளக்கைப் பொருத்து என்றேன், மருந்துச் சீட்டை மறுபடி பார் என்றேன், மாடிப்படியில் கைப்பிடி போடு என்றேன். எல்லாம் சொன்னேன். சொன்ன நானே சறுக்கினேன்! சறுக்கியது நான், இடுப்பு உடைந்தது ஓட்வாருக்கு.

ஓட்வாரை அறியாதவர் இங்கே யார்? எண்பத்து நான்கு வயது. நாற்பது ஆண்டுகள் மீன்பிடிப் படகு ஓட்டியவர். மனைவி போனபின் துறைமுகத்தை ஒட்டிய வெள்ளை வீட்டில் தனியாக இருந்தார். கடைசி மூச்சுவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், அதைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

ஊர்ச் செவிலியாகச் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு நான் போவேன். கதவைத் தட்டுமுன்பே குரல் வரும்.

"தெறந்துதாம்மா கெடக்கு, வா வா!"

சன்னலோர நாற்காலியில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். மேசைமேல் பிளாஸ்க் நிறையக் காபி, இரண்டு கோப்பை, வாஃபிள் அப்பம், அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டி.

"இந்த வருஷத்துல எங்கயாச்சும் விழுந்தீங்களா, ஐயா?"

"விழறதா? சனவரி மாசத்து அலையில நின்னு வலை இழுத்தவன் நான். வீட்டுத் தரையா என்னைத் தள்ளிடும்? போம்மா, வெளையாடாத!"

சிரித்தேன். 'விழவில்லை' என்று எழுதினேன்.

"சரி, எந்திரிச்சு மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்க. நேரம் பாக்கணும்."

"காபி ஆறிடும்மா. இன்னொரு நாள் ஆகட்டும்."

ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்! ஏன் விட்டேன்? ஒருவர் வேண்டாம் என்றபின் மறுபடி கேட்பது நம் ஊரில் மரியாதைக்குறைவு. மரியாதை! 'நன்றாக நடக்கிறார்' என்று எழுதினேன். ஏழு மாதம், முப்பது செவ்வாய்க்கிழமை, அந்த மனிதர் நடந்து நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உட்கார வைத்தே இரத்த அழுத்தம் பார்த்தேன். எழுந்து நின்றால் அது இறங்குகிறதா என்று பார்க்கவில்லை. அது பாடப்புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று இந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய். மணி பத்து. குரல் வரவில்லை. உள்ளே ஓடினேன். சட்டைக்குப் பாதிப் பொத்தான் போட்டபடி சமையலறைத் தரையில் கிடந்தார். பக்கத்தில் உடைந்த பிளாஸ்க்.

"மன்னிச்சுக்கம்மா... காபி போட முடியல."

ஐயோ! அந்த நிலையிலும் காபி! பிறகுதான் தெரிந்தது. நான் பத்து மணிக்கு வருவேன் என்று ஆறு மணிக்கே எழுந்து, சுவரைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, நாலு மணி நேரம் தட்டுத்தடுமாறி அந்த நாற்காலிக்கு வந்து சேர்வாராம். எதற்கு? அவர் நடப்பதை நான் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் எழுதுவேன், எழுதினால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விழாமல் காக்கப் போனவள் நான். நான் வருகிறேன் என்பதற்காகவே அவர் விழுந்தார்!

ஆம்புலன்ஸ் வருமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதிடாதம்மா" என்றார். எழுதினேன். வேறென்ன செய்வேன்?

இன்று அவர் அக்கரையில், முதியோர் இல்லத்தில். வெள்ளை வீடு பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் படகேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்:

"நீ ஒரு தடவதான கேட்ட. இன்னொரு தடவ கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன். எத்தன நாளைக்குத்தான் நானும் நடிக்கிறது?"

இன்னொரு தடவை! ஒரே ஒரு தடவை! கேட்டிருந்தால் தலைசுற்ற வைக்கும் மாத்திரையை மாற்றியிருக்கலாம். சுவரில் கைப்பிடி பதித்திருக்கலாம். காலுக்கு வலுவேற்றும் பயிற்சி தந்திருக்கலாம். அவர் வீடு அவருக்கு இருந்திருக்கும். இந்தச் சான்றிதழ்களில் என் கையெழுத்து வேண்டுமாம். எந்தக் கையால் போடுவேன்?

"மனசைத் தேத்திக்கங்க" என்கிறார் தலைவர். தேறவில்லை ஐயா. நாளைக் காலை இந்த இருபத்திரண்டு பேரும் இருபத்திரண்டு வீடுகளுக்குப் போவார்கள். நாற்காலிகளில் சிரித்த முகங்கள் காத்திருக்கும். இவர்களும் என்னைப் போலவே எழுதுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. பாடம் கேட்டு மாறுவதென்றால் முதலில் நான் மாறியிருக்க வேண்டாமா?

இன்னும் ஒன்று. கூட்டம் ஐந்து மணிக்கு. நான் நாலு மணிக்கே வந்தேன். அதற்குள் முன்வரிசை முழுதும் நிறைந்திருந்தது! பெரியவர்களே, தாய்மார்களே, நீங்கள் நடந்து வந்ததை யார் பார்த்தது?

முதல் நாற்காலியில் இருக்கும் குன்வோர் அம்மா, எழுந்து நாலு அடி நடந்து காட்டுவீர்களா?

"கூட்டம் முடியட்டும். நீங்கள்ளாம் முன்னாடி போங்க, நாங்க மெதுவா வர்றோம்" என்கிறார். கேட்டீர்களா பிள்ளைகளே? இந்த இடத்தில்தான் நான் தலையாட்டினேன்.

குன்வோர் அம்மா, மறுபடியும் கேட்கிறேன். எழுந்து நடந்து காட்டுங்கள்.

தலை குனிந்திருக்கிறார். உதடு அசைகிறது. "எல்லாரும் பாக்க வேணாம். நீ மட்டும் கிட்ட வா" என்கிறார்.

வருகிறேன் அம்மா. மற்றவர்கள் கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி சொல்லி, எல்லாருக்கும் வணக்கம் வைத்து, மேடையை விட்டு இறங்குகிறேன்.