பாஸ்டர் நீட்டிய கோப்பை

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் பஸ்ஸில், ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்த இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அங்கே போய்விட்டது.

"சர்ச்சுல கூட குடிக்க மாட்டேன்னுட்டேன் குமாரு."

"சர்ச்சுல இன்னா குடுக்கறாங்க?"

"ராப்போஜனத்துல, ஏசப்பா ரத்தத்த நெனச்சு எல்லாருக்கும் திராட்சை ரசம் குடுப்பாங்க. ஒரு வாய்தான். ஆனா சரக்கு வாசனை வருது. குடிய உட்டு எட்டு மாசம்தான் ஆவுது, பயந்துட்டேன். எல்லாரும் அத வாங்க எழுந்து முன்னாடி போனாங்க, நான் பெஞ்சுலயே உக்காந்துட்டேன். என் வூட்டுக்காரியும் போவாம பக்கத்துலயே உக்காந்துட்டா."

"எட்டு மாசம் எப்படி ஜோசப்பு தாங்குன? முன்னெல்லாம் கை நடுங்கி, மிஷின்ல ஊசி கோக்க மாட்டியே."

"நானா தாங்கல. காலையில முழங்கால் போட்டு, இன்னிக்கு ஒரு நாள் காப்பாத்து ஏசப்பான்னு கேப்பேன். மறுநாள் மறுபடியும் கேப்பேன். அவ்ளோதான்."

"பாஸ்டர் திட்டலியா?"

"ஒண்ணும் கேக்கல. போன ஞாயித்துக்கெழம கோப்பைய எடுத்துக்குனு அவரே பெஞ்சாண்ட வந்தாரு. 'பழத்த காய்ச்சி வடிகட்டுனது, புளிக்க வைக்கல. இனிமே எல்லாருக்கும் இதான்'னாரு."

"உனக்காக எல்லாருக்குமா?"

"ஆமா. ஒருத்தரும் ஏன்னு கேக்கல."

"குடிச்சியா?"

"குடிச்சேன். வெறும் இனிப்பு, குமாரு. திராட்சை இவ்ளோ இனிப்பா இருக்கும்னு மறந்தே போய்ட்டேன்."