பூஜை போட்ட சர்வர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதி வேறு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பாகூர் பஸ்ஸில், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் ஒரு ஆளும் என் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சர்வருக்குப் பொட்டு வச்ச, சரி. உள்ள ஓடுற சர்வீஸ் புரோகிராம இன்னாத்துக்குடா நிறுத்துன?"

"பூஜையில வச்சத யாராச்சும் ஓட்டுவாங்களாடி?"

"அதுதான ஸ்கேன் படத்தயெல்லாம் வாங்கி சேத்து வைக்குது! இப்ப எல்லாம் ஸ்கேன் மெஷின்லயே முட்டிக்கினு நிக்குது. ரொம்பிட்டா பழைய படம் அழிஞ்சிடும்."

"ராகுகாலம் முடியட்டும், ஓட உட்டுர்றேன்."

"அதுவரிக்கும் எவனும் எலும்ப ஒடச்சிக்காதீங்கன்னு ஊருக்கு நீயே சொல்லிடு."

அந்த ஆள் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, கும்பிட்டுவிட்டு ஏதோ தட்டினார். "ஓடுதுடி" என்றார்.

அன்றைய ராகுகாலத்தை யாராவது காலண்டரில் பார்த்துச் சொல்லுங்கள். அவர் அவசரப்பட்டுவிட்டாரோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.